தாளும் அலகும்

நுழையும்முன்

எழுதுவதற்கு உரியதென அறியப்பட்ட தாள், பொருளைப் பொதிவதற்கும் சுமப்பதற்கும் உரியதாகவும் விளங்குகிறது. தட்டையான தாள் ஒன்று, கணினிவழி இயங்கும் வெட்டுபொறியின் துணையால் அழகிய கைப்பையாக உருப்பெறும் முறையையும் அதன் பின்னுள்ள சிந்தனையையும் இப்பாடம் விளக்குகிறது.

விரிப்பும் கணக்கும்

அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்தால் அது தட்டையான ஒரே வடிவமாகிவிடும். அவ்வடிவத்தை ‘விரிப்பு’ எனலாம். கைப்பையின் பிறப்பிடமும் விரிப்பே ஆகும். 10 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன் கொண்ட பை ஒன்றைக் கருதுவோம். முன்புறம் 7, அடிப்புறம் 2, பின்புறம் 7, மேற்புறம் 2, முன்னே கவிந்து விழும் மூடி 5 எனக் கூட்டினால் விரிப்பின் நீளம் 23 செ.மீ. ஆகிறது. பின்புறத்தின் இருபக்கமும் 2 செ.மீ. பக்கச்சுவரும் 1 செ.மீ. ஒட்டுப்பட்டையும் சேர்வதால், மிகுதியான அகலம் 16 செ.மீ. ஆகும். ஆகவே, 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் உடைய ஏ4 தாள் ஒன்றிலேயே முழுப்பையும் அடங்கிவிடுகிறது.

தாளின் இயல்பு

தாளின் கனம் ஒரு சதுரமீட்டருக்கு இத்தனை கிராம் என அளக்கப்படுகிறது. படியெடுக்கப் பயன்படும் தாள் பெரும்பாலும் 80 கிராம் அளவினது. அது பையாகி நிற்க வலுவற்றது. 200 கிராமுக்கு மேற்பட்ட தாள் தன் வடிவத்தை நன்கு தாங்கி நிற்கும்.

மரத்திற்கு இழையோட்டம் இருப்பதுபோல் ஆலையில் உருவாகும் தாளுக்கும் இழையோட்டம் உண்டு. தாளை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எத்திசையில் எளிதாக வளைகிறதோ, அம்மடிப்புக் கோடு இழைக்கு இணையானது என அறியலாம். இழைக்கு இணையான மடிப்பு நேராக அமையும். குறுக்கான மடிப்பு வெடித்து, வெண்ணிற நார் வெளித்தெரியும். எனவே, 10 செ.மீ. நீளமுள்ள நான்கு மடிப்புகளும் இழைக்கு இணையாக அமையுமாறு தாளை வைத்தல் வேண்டும்.

பொறியின் இயக்கம்

வெட்டுபொறி இருவகை அசைவுகளால் இயங்குகிறது. உருளைகள் தாளை முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. அலகைத் தாங்கிய பகுதி இடமும் வலமும் நகர்கிறது. இவ்விரண்டும் ஒருங்கிணையும்போது எத்தகைய வளைகோட்டையும் வெட்ட இயலுகிறது. தாள் நழுவாதிருக்க, பசைப்பூச்சுள்ள விரிப்பட்டையின்மீது ஒட்டப்படுகிறது. அலகின் ஆழம் தாளைக் கடந்து அட்டையை ஊடுருவாத அளவில் இருத்தல் வேண்டும். அதனை அறிய, தாளின் ஓரத்தில் சிறு சதுரம் ஒன்றை முதலில் வெட்டிப் பார்ப்பது நலம்.

வெட்டவேண்டிய கோடும் மடிக்கவேண்டிய கோடும் வேறுவேறு எனப் பொறிக்குத் தானாகத் தெரியாது. மடிப்புக்கோட்டினை அழுத்திக் கீறுமாறோ, விட்டுவிட்டு வெட்டுமாறோ வரைபடத்திலேயே குறித்தல் வேண்டும். இக்குறிப்புத் தவறினால், பை துண்டு துண்டாகவே வெளிவரும். பொறி, பிழையையும் பிழையின்றி நிறைவேற்றும் இயல்புடையது.

அழகும் ஒழுங்கும்

பையின் மூடியில் பூவேலைப்பாடு அமைக்கும்போது, முற்றும் மூடிய கோட்டினுள் அமைந்த பகுதி உதிர்ந்துவிடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சுழியுள்ள எழுத்தை வெட்டினால் சுழியின் நடுப்பகுதியும் அவ்வாறே உதிரும். அதனைத் தாங்க, மெல்லிய இணைப்புகளை விட்டுவைத்தல் வேண்டும். உள்வேலைப்பாடுகளை முதலிலும் புறக்கோட்டை இறுதியிலும் வெட்டுதல் முறை. புறக்கோடு முதலில் வெட்டப்பட்டால் தாள் பிடிப்பிழந்து நகரக்கூடும்.

வெட்டியபின் தாளைப் பிடித்து இழுத்தால் அது சுருண்டுவிடும். தாளைக் கவிழ்த்துவைத்து, அட்டையை வளைத்துப் பிரித்தெடுப்பதே தகும். பின்னர், மடிப்புகளை மடித்து, ஒட்டுப்பட்டைகளை முன்புறத்தின் உட்பக்கத்தில் ஒட்டி உலரவிட்டால் கைப்பை உருவாகிவிடும்.

படைத்தவர் யார்?

பொறி வெட்டிய பையைப் படைத்தவர் யார் என்னும் வினா எழலாம். அமெரிக்காவைச் சேர்ந்த மார்கரெட் நைட்டின் வாழ்வு இதற்கு விடை தருகிறது. தாள்பை ஆலையொன்றில் பணியாற்றிய அவர், தட்டையான அடிப்பகுதியுடைய பைகள் கையால் செய்யப்படுவதைக் கண்டு, அவற்றை மடித்து ஒட்டும் பொறி ஒன்றை வடிவமைத்தார். அப்பொறி உருவாகிவந்த பட்டறையில் அதனைக் கண்ட ஒருவர், அதற்கான காப்புரிமையைத் தம் பெயரில் பெற முயன்றார். நைட் வழக்குத் தொடுத்தார். தாம் வரைந்த வரைபடங்களையும் எழுதிய குறிப்புகளையும் செய்த மாதிரிகளையும் சான்றாக முன்வைத்து வென்றார். 1871இல் காப்புரிமை அவருக்கே வழங்கப்பட்டது.

பொறியைப் பார்த்தவர் அதன் உருவத்தைக் கொண்டுசெல்ல முடிந்தது. அவ்வுருவம் பிறந்த வழியைக் கொண்டுசெல்ல முடியவில்லை. அவ்வழி, நைட்டின் அடித்தல் திருத்தல் நிறைந்த வரைவுகளில் இருந்தது. வெட்டுபொறியின் முன் அமர்வோருக்கும் இது பொருந்தும். அளந்ததும் பிழைத்ததும் திருத்தியதும் எவருடைய அறிவோ, அவரே அப்பையைப் படைத்தவர். கை செய்யும் வேலையைப் பொறி ஏற்கலாம். கருத்தின் வேலை மனிதருக்கே உரியது.