எழுத்தாய் நடக்கப் பழகுதல்

குழந்தைப் பருவத்திலேயே கற்று முடித்துவிட்டதாக நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு வித்தையை, 18 வயதில், வெயில் கொளுத்தும் புல்வெளியில், முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானவர்கள் நடுவே நின்று, ஆதியிலிருந்து மறுபடியும் பயிலவேண்டிய நிலைமை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஒரு சாராருக்கு ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் ஏற்படுகிறது. அந்த வித்தைக்குப் பெயர் நடை.

உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருஷம் டிரம்பெட்டோ டிராம்போனோ வாசித்து, ஊரில் நல்ல பெயரும் வாங்கி, கல்லூரியின் அணிநடைப் பாண்டில் இடம் பெறவேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் இவர்கள். வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே, விடுதி அறையில் பெட்டியைப் பிரித்தும் பிரிக்காமலும், பாண்டு முகாமுக்கு வந்து நிற்பார்கள். வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்துத் தம் சாமர்த்தியத்தைக் காட்ட அவர்கள் விரல்கள் துடித்துக்கொண்டிருக்கும். முகாமிலோ முதலில் நிற்கச் சொல்லிக் கொடுப்பார்கள், பிறகு கால் எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். தோள் எங்கே இருக்கவேண்டும், மோவாய் எவ்வளவு உயரவேண்டும், குதிகால் எந்தக் கணத்தில் தரையைத் தொடவேண்டும் என்பதெல்லாம் அங்கே சாஸ்திரம்.

அந்தச் சாஸ்திரத்தின் முதற்சூத்திரம் ஓர் எளிய கணக்கு. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஆட்டக் களத்தின் நீளம் 100 கஜம். ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் சரியாக எட்டுக் காலடியில் செல்லவேண்டும் என்பது பெரும்பாலான பாண்டுகள் கைக்கொண்ட விதி. அப்படியானால் ஒரு காலடி 22.5 அங்குலம். ஆறடி உயரமுள்ளவனுக்கும் 22.5 அங்குலந்தான், ஐந்தடிப் பெண்ணுக்கும் 22.5 அங்குலந்தான். நெட்டையானவன் தன் நடையைக் குறுக்கிக்கொள்ளவும் குட்டையானவள் தன் நடையை நீட்டிக்கொள்ளவும் பழகி, எண்ணாமலே எட்டாவது காலடி கோட்டின்மேல் விழும்வரையில், அந்த ஒரே ஐந்து கஜத்தை அவர்கள் காலையிலிருந்து மாலைவரை அளந்துகொண்டிருக்கிறார்கள். சில பாண்டுகளில் குதிகாலிலிருந்து விரல்நுனிவரை பாதத்தை உருட்டி வைத்து, இடுப்புக்கு மேலே சரீரம் அசையாமல் மிதந்து செல்லவேண்டும். உதட்டில் பொருந்திய வாத்தியத்தின் வாய் துளி நடுங்கினாலும் சுரம் நடுங்கும் அல்லவா? வேறு சில பாண்டுகளில் தொடை தரைக்கு இணையாகும்படி முழங்காலை உயர்த்தி, கால் விரலைக் கீழ்நோக்கி நீட்டி நடக்கவேண்டும். இரண்டாவது வகையை ஒரு முழுப் பாட்டு நேரம் செய்து, அதோடு மூச்சையும் தக்கவைத்துக்கொண்டு வாசிப்பது என்ன பிரயத்தனம் என்பதை, மாடிப்படி ஏறிக்கொண்டே பாட முயன்றவர்கள் ஒருவாறு ஊகிக்கலாம்.

நடையைக் கற்ற பின்பு வருகிறது இன்னும் கடினமான பாடம்: காதை நம்பாதே என்பது. சங்கீதம் கற்றவனிடம் இதைச் சொல்வது, நீந்தத் தெரிந்தவனிடம் கையை அசைக்காதே என்று சொல்வதற்கு ஒப்பாகும். ஆனால் காரணம் இருக்கிறது. ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 1,100 அடி தூரமே செல்லும்; மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி 300 அடி. ஆகவே இந்தக் கோடியில் அடித்த முரசின் ஓசை அந்தக் கோடியில் நிற்பவன் செவியை எட்டக் கால் விநாடிக்குச் சற்று அதிகமே ஆகிறது. நிமிஷத்துக்கு 120 காலடி என்ற வேகத்தில் ஒரு தாளத்தின் ஆயுளே அரை விநாடி. கேட்டதை நம்பி வாசிக்கிறவன், தன்மேல் எந்தக் குற்றமும் இல்லாமலே, பாதித் தாளம் பின்தங்கிவிடுகிறான். இதற்காகத்தான் உயர்ந்த மேடையில் நின்று கையசைக்கும் டிரம் மேஜரைக் கண்ணால் பற்றிக்கொள் என்கிறார்கள். அவரைக் காண முடியாத திசையில் திரும்பி நடக்கும்போது, உனக்குப் பின்னாலிருந்து வரும் ஓசையோடு சேர்ந்து வாசி, முன்னாலிருந்து வருவதோடு சேராதே என்கிறார்கள். பின்னாலிருந்து வந்த ஒலியும் உன் ஒலியும் ஒன்றாகக் கலந்து ஜனங்களை நோக்கிச் செல்லும் என்பது தத்துவம். நம் ஊர் வீதியுலாவில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் நடந்துகொண்டே வாசிக்கிறார்கள் என்றாலும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் தூரத்தில் நடக்கிறார்கள். சுவாமி நின்றால் அவர்களும் நின்றுவிடுவார்கள். இருநூறு பேர் ஒரு மைதானம் நிறையச் சிதறிநின்று, சிதறாமல் ஒலிப்பது வேறு ஜாதி வித்தை.

கல்விச்சாலைக்குள் இப்படி ஒரு படை நடை எப்படிப் புகுந்தது என்று கேட்டால், 1862-ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டில், ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட மொரில் சட்டம், விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாகாணங்களுக்கு நிலம் வழங்கியது. அந்தக் கல்லூரிகளில் போர்ப் பயிற்சியும் கற்பிக்கப்படவேண்டும் என்று அது விதித்தது. போர்ப் பயிற்சி வந்தால் அணிவகுப்பு வரும். அணிவகுப்பு வந்தால் முரசும் குழலும் வராமல் இரா. ஒஹாயோ ஸ்டேட் சர்வகலாசாலையின் பாண்டு 1878-இல் அப்படித்தான் பிறந்தது. பிறகு கால்பந்து ஆட்டங்களுக்குப் போய் உற்சாகமூட்டத் தொடங்கிய இந்தப் பாண்டுகள், ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்துக்குள்ளேயே இறங்கின. 1907-இல் இலினாய் சர்வகலாசாலைப் பாண்டு நிகழ்த்தியதே முதல் இடைவேளைக் காட்சி என்று கூறுவார்கள். அதே ஆண்டில் பர்டியூ சர்வகலாசாலைப் பாண்டு தன் பெயரின் முதலெழுத்தை மைதானத்தில் வடிவாக நின்று காட்டியது. அன்றிலிருந்து வாத்தியக்காரன் எழுத்தின் ஓர் அங்கமானான்.

எழுத்தின் அங்கமாக நிற்கிறவனுக்கு அந்த எழுத்து தெரியாது. என் மனத்தை இந்த விஷயத்தில் இவ்வளவு தூரம் கட்டிப்போட்டது இதுதான். ஒவ்வொரு புது மாணவன் கையிலும் ஒரு தாள் கொடுக்கிறார்கள். பாட்டின் இந்த அடியில் இந்தக் கோட்டிலிருந்து இத்தனை காலடி, அடுத்த அடியில் அந்தக் கோட்டிலிருந்து இத்தனை காலடி என்று அவன் நிற்கவேண்டிய இடங்கள் மட்டும் அதில் இருக்கும். அந்த இடத்தை அவர்கள் புள்ளி என்றே சொல்கிறார்கள். வாசலில் இட்ட புள்ளிக் கோலத்தின் ஒரு புள்ளிக்கு உயிர் வந்து, பக்கத்துப் புள்ளிகளைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே தன் இடத்தைக் காத்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்குமோ அப்படி நிற்கிறான் அவன். கோலத்தின் அழகைக் காண்பவர் உயரத்தில் அமர்ந்திருப்பவர். உள்ளே இருப்பவனுக்குத் தெரிவது இடப்பக்கத்துத் தோளும் வலப்பக்கத்துத் தோளும், காலடியில் கொஞ்சம் புல்லும்.

இந்த வித்தையின் சிகரமாகச் சொல்லத்தக்கது கொலம்பஸ் நகரில் ஒஹாயோ ஸ்டேட் பாண்டு மைதானத்தில் எழுதும் 'ஒஹாயோ' என்ற ஆங்கிலச் சொல். 1934-இல் கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸபோன் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் பித்தளை வாத்தியமும் முரசும் மட்டுமே உள்ளதாகத் தன்னை மாற்றிக்கொண்ட பாண்டு அது. யூஜீன் வைகல் என்ற அதன் தலைவர், கூட்டெழுத்தில் அந்தச் சொல்லை, ஒருவர் பின் ஒருவராகக் கோடு இழுத்துச் செல்வதுபோல நடந்தே எழுதும்படி அமைத்து, 1936-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி முதன்முதலில் நடத்திக் காட்டினார். பரம எதிரியாகிய மிச்சிகன் சர்வகலாசாலைப் பாண்டு 1932-இலேயே அந்தச் சொல்லை அந்த மைதானத்தில் எழுதிற்று என்பதும் உண்மைதான். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் ஒரு முறை எழுதுவது வேறு, தலைமுறை தலைமுறையாக எழுதிக்கொண்டே இருப்பது வேறு. பெண்களுக்கு அந்த எழுத்தில் இடம் கிடைக்க 1973 வரையில் ஆயிற்று. பால் வேற்றுமையைக் கல்விச்சாலைகளில் தடை செய்த 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே அந்தக் கதவு திறந்தது என்பதை நினைக்கும்போது, அதற்கு முன் எத்தனை பெண்கள் பள்ளிப் பாண்டோடு தம் வாத்தியத்தை உறையிலிட்டு மூடியிருப்பார்கள் என்ற வருத்தம் எழாமல் இல்லை.

அந்தப் பாண்டில் சேரும் முறை நான் கண்டவற்றுள் மிகவும் கண்டிப்பானது. வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் அந்நாட்டில் பல உண்டு. அவற்றில் ஆசையே தகுதி. கொலம்பஸில் அப்படியன்று. நடையிலும் பரீட்சை, வாசிப்பிலும் பரீட்சை. மூன்று வருஷம் அணியில் நின்ற பழைய மாணவனும் நான்காம் வருஷம் மறுபடியும் பரீட்சைக்கு நிற்கவேண்டும். இதைவிட விசேஷம் ஒன்று உண்டு. பரீட்சைக்கு முன்னால் கோடைக்காலத்து மாலைகளில் பயிற்சி நடக்கும். அங்கே புதிதாக வருகிறவர்களுக்குக் கால் உயர்த்தவும் திரும்பவும் சொல்லிக்கொடுப்பவர்கள் பழைய மாணவர்களே. தன்னிடம் கற்றுக்கொண்ட பிள்ளை ஆகஸ்டில் தன் இடத்தையே பறித்துக்கொள்ளலாம் என்று தெரிந்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். முழங்கால் சரியாக உயரவில்லை என்று பத்தாவது முறையும் பொறுமையாகத் திருத்தும் அந்த மாணவனுடைய மனத்தை நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். குருவின் லட்சணம் என்று நம் பெரியோர் சொல்லியதில் ஒரு பங்கு, 20 வயதுப் பிள்ளையிடம், எந்த உபதேசமும் இல்லாமல் வந்து அமைந்துவிடுகிறது.

பரீட்சையில் தேறினாலும் இடம் நிச்சயம் என்பதில்லை. பல ஆண்டுகளாக நிலவிய கணக்குப்படி மொத்தம் 225 பேரில் மைதானத்தில் இறங்குகிறவர்கள் 192 பேர். மிஞ்சிய 33 பேர் மாற்று உறுப்பினர்கள். மாற்று உறுப்பினர் ஒருவர், அணியில் நிற்கும் ஒருவரைப் பெயர் சொல்லிச் சவாலுக்கு அழைக்கலாம். இருவரும் நடந்து வாசித்துக் காட்ட, வென்றவர் அந்த வாரத்து ஆட்டத்தில் அந்த இடத்தில் நிற்பார். இதில் ஒரு கடுமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் கடுமை வெளிச்சத்தில், விதிக்கு உட்பட்டு, எல்லாருக்கும் பொதுவாக நடக்கிறது.

இருட்டில் நடக்கும் கடுமை ஒன்று உண்டு, அதையும் சொல்லியாகவேண்டும். ஃப்ளோரிடா மாகாணத்தில் கறுப்பின மக்களுக்காக ஏற்பட்ட ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் சர்வகலாசாலைக்கு 1946-இல் வில்லியம் ஃபாஸ்டர் என்ற இளைஞர் பாண்டுத் தலைவராக வந்தார். தாம் படித்த காலத்தில், கறுப்பினத்தவருக்குச் சங்கீதக் குழுவை நடத்தும் உத்தியோகம் எங்கும் இல்லை என்று சொல்லப்பட்டவர் அவர். 1998 வரையில், அரை நூற்றாண்டுக்கு மேல், அந்த ஒரே பாண்டை வளர்த்தார். நாட்டியமும் நடையும் கலந்த அதன் பாணி தேசம் எங்கும் பரவியது. 1989-இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவில் பாரிஸ் வீதியில் அமெரிக்காவின் சார்பில் அது நடந்து சென்றது. அத்தகைய பாண்டில், 2011 நவம்பரில், டிரம் மேஜராக இருந்த மாணவர் ஒருவர், சக மாணவர்கள் பேருந்துக்குள் நடத்திய ராகிங்கில் அடிபட்டு உயிரிழந்தார். பாண்டு நிறுத்தி வைக்கப்பட்டு, 2013-இல்தான் திரும்ப மைதானம் கண்டது. புதிதாக வருகிறவன் எங்களுள் ஒருவன் ஆவதற்கு ஒரு விலை கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பாவமானது. கால் வலிக்க நடந்து, உதடு மரத்துப்போக வாசித்து, வெயிலில் நின்று அவன் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை போதாதென்று நினைத்தவர்கள், ஃபாஸ்டர் எதற்காக உழைத்தார் என்பதையே அறியாதவர்கள்.

பாண்டில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் சங்கீதத்தைப் படிப்பாக எடுத்தவர்கள் அல்லர். பொறியியல் படிப்பார்கள், ரசாயனம் படிப்பார்கள், கணக்குப் படிப்பார்கள். படிப்பு முடிந்தபின் வாத்தியத்தை எடுக்காமலே வாழ்நாளைக் கழிக்கப்போகிறவர்கள் அவர்களில் பலர். சனிக்கிழமை ஆட்டத்தின் 20 நிமிஷ இடைவேளைக்காக வாரம் முழுவதும் மாலைகளை அவர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்று லாப நஷ்டம் பார்ப்பவர் கேட்கலாம். அவர்களைக் கேட்டால், மைதானத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், முதல் நாள் பக்கத்தில் நின்றவனைப் பற்றிச் சொல்வார்கள்.

கொலம்பஸில் ஒரு சனிக்கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள். லட்சம் பேருக்கு மேல் அமரும் ஒஹாயோ ஸ்டேடியம் நிறைந்திருக்கிறது. டிரம் மேஜர் முன்னே செல்ல, ஒரு பிரெஞ்சு நடைப்பாட்டை வாசித்துக்கொண்டே, ஒருவர் பின் ஒருவராக எழுத்து சுருண்டும் வளைந்தும் புல்லின்மேல் படர்கிறது. மூன்றாவது எழுத்துக்குத் தலையில் ஒரு புள்ளி வேண்டும். 1936-இல் அந்தப் புள்ளியாக நின்றது ஒரு டிரம்பெட். 1937-லிருந்து அந்த ஸ்தானம் சூசாபோனுக்கு உரியதாயிற்று. உடம்பைச் சுற்றி வளைந்து, தலைக்கு மேலே பெரிய வாயை விரித்துக்கொண்டு, சுமார் 30 ராத்தல் கனத்தோடு தோளில் உட்காரும் வாத்தியம் அது. நான்கு அல்லது ஐந்து வருஷம் அதைச் சுமந்த ஒருவருக்கே அந்தப் புள்ளியாகும் உரிமை. அணியிலிருந்து பிரிந்து, எம்பி எம்பி நடந்து சென்று, எழுத்தின் தலையில் நின்று, வாத்தியத்தோடு குனிந்து அரங்கின் இரு பக்கத்துக்கும் அவர் வணக்கம் செலுத்தும்போது எழும் ஆரவாரத்தில் பாட்டே கேட்பதில்லை.

மைதானத்தின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு இப்பால், முதல் வருஷத்துச் சூசாபோன்காரி ஒருத்தி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் மாற்று உறுப்பினர். அவள் நிற்கும் தாழ்வான இடத்திலிருந்து பார்த்தால் எழுத்து எழுத்தாகத் தெரியாது. முதுகுகளும் பித்தளையும் மட்டுமே தெரியும். அவள் உதடு வாத்தியத்தைத் தொடவில்லை. ஆனால் வலக்கை விரல்கள், இல்லாத வால்வுகளை, ஒரு சுரமும் தப்பாமல் காற்றில் அழுத்திக்கொண்டிருக்கின்றன. கண் மட்டும் ஓர் ஆளின்மேல் நிலைத்திருக்கிறது: முதல் எழுத்தின் வளைவில், எட்டாவது காலடி கோட்டுக்கு அரை அங்குலம் தள்ளி விழும் ஒரு சூசாபோன்காரன்மேல்.