பொதி மேலாளரின் பதிப்பு விவரத்தில் செயலி வகை

கணினியில் மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் புதுப்பிக்கவும் உதவும் நிரல் பொதி மேலாளர் எனப்படும். டெபியன் குடும்ப லினக்சில் ஏபிடி, டிபிகேஜி ஆகியவை இப்பணியைச் செய்கின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழி மாணவர்களைச் சென்றடைந்த, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

முனையத்தில் ஏபிடியின் பதிப்பைக் கேட்டால், பதிப்பெண்ணை அடுத்து அடைப்புக்குறிக்குள் 'ஏஎம்டி64' அல்லது 'ஐ386' என்று வரும். முன்னது 64 பிட்டு. பின்னது 32 பிட்டு. இன்டெல் செயலி உள்ள கணினியிலும் 'ஏஎம்டி64' என்றே வரும். அது பிழையன்று. எக்ஸ்86 செயலிகளுக்கான 64 பிட்டு விரிவை வகுத்து, 2003இல் ஆப்டெரான் செயலியில் முதலில் வெளியிட்டது ஏஎம்டி நிறுவனம். அதனால் வந்த பெயர் இது.

இச்சொல் உண்மையில் செயலியைக் குறிப்பதன்று. பொதி மேலாளர் எந்தக் கட்டமைப்புக்காகத் தொகுக்கப்பட்டது என்பதையே காட்டுகிறது. 64 பிட்டு செயலியில் 32 பிட்டு லினக்சை நிறுவியிருந்தால் 'ஐ386' என்றுதான் தெரியும். அதில் 'ஏஎம்டி64' பொதியை நிறுவ முயன்றால், கட்டமைப்பு பொருந்தவில்லை என்று டிபிகேஜி மறுத்துவிடும். கோப்பு கெட்டுவிட்டதென எண்ணி அதையே மறுபடி பதிவிறக்குவது வீண்வேலை. 'ஐ386' பொதியைத் தேட வேண்டும். செயலியின் மெய்யான பெயரை அறிய 'எல்எஸ்சிபியு' என்ற கட்டளை தனியே உண்டு.