தட்டணுவும் பப்பாளிச் சாறும்

ஐப்பசி மழை ஓய்ந்ததும் மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் காய்ச்சல் தலைகாட்டுவது வழக்கமாகிவிட்டது. 2012-ஆம் ஆண்டில் தமிழகத்தில் 12,000-க்கு மேற்பட்டோரை டெங்கு பீடித்தது. 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2017-இல் நோயுற்றோர் தொகை 23,000-ஐத் தாண்டியது. அந்நாள்களில்தான் 'தட்டணு' என்னும் சொல் நம் அடுப்படி வரை வந்து சேர்ந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும் தாய்மார்கூட, "பிள்ளைக்கு எத்தனை ஆயிரம்?" என்று விசாரிக்கலாயினர். உடன் வந்தது பப்பாளி இலை.

தட்டணுக்கள் எலும்பு மச்சையில் உற்பத்தியாகி, ஏறக்குறைய பத்து நாள் வாழ்ந்து, காயம்பட்ட இடத்தில் குருதியை உறையச் செய்பவை. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். டெங்குக் கிருமி மச்சையின் வேலையைத் தடுக்கிறது. உள்ள அணுக்களும் அழிகின்றன. ஆதலால் எண்ணிக்கை சரிகிறது. பழைய ஆயுர்வேத நூல்கள் தட்டணுவை அறியா. உடலின் துவாரங்களில் குருதி கசியும் நோயை 'இரத்தபித்தம்' என்று அவை விவரித்து, ஆடாதோடையைச் சிறந்த மருந்தாகக் கூறின. அரசு 2012-இல் பரவலாக வழங்கிய நிலவேம்புக் குடிநீரோ சித்த மருத்துவத்தைச் சேர்ந்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்குகள் சேர்ந்தது அது. பெயரைக் கேட்டாலே நாக்கு கசக்கும்!

பப்பாளி இலையை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. மலேசியாவில் டெங்கு நோயாளிகள் 228 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் நாளொன்றுக்கு 50 கிராம் இலையின் சாற்றை மூன்று நாள் கொடுத்துப் பார்த்தனர். சாறு அருந்தியோருக்கு இரண்டு நாள்களுக்குள் தட்டணு கூடுதலாக உயர்ந்ததென 2013-இல் அறிவித்தனர். நல்ல செய்தியே. ஆனால் எண்ணிக்கை உயர்வது வேறு, உயிர் பிழைப்பது வேறு. சாறு மரணத்தைத் தடுக்கும் என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. மேலும், டெங்குவில் ஏழாம் நாளையொட்டித் தட்டணு தானாகவே ஏறத் தொடங்குவது இயல்பு. ஆறாம் நாள் எதைக் கொடுத்தாலும் புகழ் அதற்கே போகும்.

இந்நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவன்று. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுவதால் உடல் அதிர்ச்சி நிலைக்குச் செல்கிறது. அது நேர்வதோ காய்ச்சல் தணியும் நேரத்தில்! மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடல் குளிர்ந்ததும், "ஆண்டவர் இரங்கினார், பிள்ளை தேறிவிட்டான்" என்று பெற்றோர் ஆறுதலடையும் வேளை அது. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ குருதி, கருமலம், சிறுநீர் குறைதல், கை கால் சில்லிடுதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் இலை பறிக்க ஓடலாகாது. இராஜாஜி அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ உடனே கொண்டு செல்ல வேண்டும். உப்புநீரை அளவோடு நரம்பில் ஏற்றுவதே அங்கு முதல் சிகிச்சை. குருதிக் கசிவு இல்லாதபோது தட்டணு ஏற்றும்படி மருத்துவரை வற்புறுத்துவதிலும் பயனில்லை என்பது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆய்வின் முடிவு.

மருத்துவரையும் மண் தரும் மருந்தையும் ஒருசேர மதிக்கச் சொல்கிறது சீராக் ஆகமம், 38-ஆம் அதிகாரம். இரண்டையும் பகையாக்குவது நாமே. மருத்துவர் பார்வையில் இருக்கும் நோயாளிக்கு, அவர் இசைவுடன் கஷாயம் தருவதில் குற்றமில்லை. வாந்தி எடுக்கும் குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் பப்பாளி இலைச் சாற்றை நாமாகப் புகட்டலாகாது. உடல்வலிக்கென்று ஆஸ்பிரின், புரூஃபென் மாத்திரைகளை வாங்கித் தரவே கூடாது. அவை குருதிக் கசிவை மிகுதிப்படுத்தும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். கஞ்சி, இளநீர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஆகியவற்றை அடிக்கடி கொடுக்கலாம். மருத்துவமனையில் கேட்கும்போது, வீட்டில் புகட்டிய சாறு எது, எத்தனை வேளை என்பதை ஒளிக்காமல் கூறிவிடுங்கள்.