இரு வீடுகள், ஒரே ரூபாய்

கடற்கரைப் பங்கொன்றின் தெருவில் அடுத்தடுத்து இரு வீடுகள். ஒரு வீட்டின் தலைவர் வளைகுடா நாட்டில் உழைத்து மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். மற்றவர் விசைப்படகில் மீன்பிடிக்கச் செல்கிறார். டாலரின் விலை ஏறியது என்று கேட்டால் முதல் வீட்டில் மகிழ்ச்சி. வரும் பணம் கூடும். அடுத்த வீட்டிலோ, டீசல் விலை ஏறுமே என்ற கலக்கம். ரூபாய் ஒன்றாயிருக்க, இந்த வேற்றுமை ஏன்?

நம் நாடு பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. அதன் விலையைப் பெரும்பாலும் டாலரில் செலுத்த வேண்டும். எண்ணெய் விலை உயர்ந்தால் டாலரைத் தேடுவோர் பெருகுவர். சந்தையில் பலரும் தேடும் பொருள் விலையேறுவதுபோல் டாலர் ஏறும், ரூபாய் இறங்கும்.

வட்டியின் வழியும் இதுவே. பணம் படைத்தோர் மிகுந்த வட்டி கிடைக்கும் நாட்டையே நாடுவர். அமெரிக்காவில் வட்டி உயர்ந்தால், இங்குள்ள அந்நிய முதலீடு டாலராக மாறி வெளியேறும். அதைத் தடுக்க நம் ரிசர்வ் வங்கியும் வட்டியை உயர்த்தலாம். ஆனால் அச்சுமை, வீடு கட்டவும் தொழில் நடத்தவும் கடன் வாங்கியவர் தலைமேல் விழும்.

இதனை நாம் 1991-இல் கண்டோம். 1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக் படைகள் குவைத்தில் புகுந்தன. இரண்டே மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. குவைத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாயகம் திரும்பினர். அவர்கள் அனுப்பிவந்த பணமும் நின்றது. அடுத்த ஆண்டின் நடுவில், சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அந்நியச் செலாவணி எஞ்சியது. தாலிக்கொடியை அடகு வைக்கும் தாயைப்போல, நாடு ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மைய வங்கிகளிடம் ஈடாக வைத்தது. ஜூலை 1, 3 ஆகிய நாள்களில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 21 ரூபாயளவில் இருந்த டாலர் 26 ரூபாயளவை எட்டியது. 10 விழுக்காடாக இருந்த ரிசர்வ் வங்கியின் வட்டி அக்டோபரில் 12 ஆயிற்று.

2022-இல் இரு விசைகளும் ஒருங்கே இழுத்தன. உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 120 டாலரைக் கடந்தது. பூச்சியத்தை ஒட்டியிருந்த அமெரிக்க வட்டி, ஆண்டு முடிவில் 4 விழுக்காட்டுக்கு மேல் சென்றது. 74 ரூபாயளவில் இருந்த டாலர் 83 ரூபாயை நெருங்கியது.

நாடு தங்கத்தை அடகு வைத்த அதே 1991-இல், மே 1-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 'சென்டேசிமுஸ் ஆன்னுஸ்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். பட்ட கடனைத் தீர்ப்பது நீதியே. ஆயினும் மக்கள் தாங்கவொண்ணாத தியாகத்தை விலையாகக் கொடுத்து அதனைத் தீர்க்கும்படி கேட்பது முறையன்று என்று அதில் அறிவுறுத்தினார். நாடுகளுக்குச் சொன்ன இந்நெறி நம் தெருவுக்கும் பொருந்தும்.

செழிப்பான ஏழாண்டுகளில் தானியம் சேர்த்த யோசேப்பின் விவேகம் நமக்கும் வேண்டும். டாலர் உயர்வால் கூடுதலாக வரும் பணம் நிலையானதன்று. கடை விலைவாசி அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதை நம்பிப் புதிய கடன் வாங்காது, ஒரு பகுதியைச் சேமிப்போம். மறுபகுதியை எண்ணும்போது, டீசலுக்குப் பணமின்றிப் படகைக் கரையில் நிறுத்திய அயலாரையும் எண்ணுவோம். ரூபாயின் ஏற்றத்தாழ்வை நிறுத்த நம்மால் இயலாது. அடுத்த வீட்டில் இன்று அடுப்பு எரிகிறதா என்று கேட்க நம்மால் இயலும்.