கால் போட்ட தாளம்

கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கழுகுமலை. பங்குனியில் வெள்ளாமை எடுத்த கரிசல், பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெயிலில் காவடி சுமந்து நடப்பவருக்கு இழுத்து நீட்டிப் பாட மூச்சேது? எட்டுக்கு ஒரு சீர் என்று பாட்டும் கூடவே நடந்து வந்தால்தான் உண்டு. இந்த மூச்சுக்கணக்கை இலக்கியமாக்கியவர் அண்ணாமலை ரெட்டியார்.

சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் 1865-இல் பிறந்தவர். திருவாவடுதுறையில் உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்டார். பிறகு ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப்புலவரானார். புலமைக்குச் சங்கரன்கோவில் திரிபந்தாதி ஒன்றே சாட்சி. திரிபு என்றால், அடிதோறும் முதலெழுத்து மட்டும் மாறும். அடுத்து வரும் எழுத்துகள் ஒத்து நிற்க, பொருள் வேறாக வேண்டும். உரை இல்லாமல் பண்டிதரே திணறுகிற வித்தை அது.

அப்படிப்பட்டவர்தான், ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது உடன் நடந்து சிந்து பாடினார் என்பது இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வழிநடைப் பாட்டாகக் காவடிச்சிந்து முன்பே மக்களிடம் இருந்ததுதான். அந்த நடைக்குள் நகர்வளம், கோயில் வளம், வாவி வளம், தலைவியின் காதல் ஏக்கம் என்று முழுப் பிரபந்தத்தையே இறக்கி வைத்தது ரெட்டியாரின் கைவரிசை.

ஒரு கண்ணியை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். சொற்கள் இயைபில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடும். முடிவில் ஒரு குட்டைத் துண்டு தொங்கும். மூச்சு வாங்குவதற்கென்றே விட்ட இடம்போல இருக்கும். தாளம் தட்ட மறந்தாலும் கால் தட்டிவிடும்.

1891-இல், இருபத்தாறாம் வயதில், ரெட்டியார் காலமானார். அப்போது பக்கத்து எட்டயபுரத்தில் பாரதி சிறுவன். தெருவில் புழங்கிய சிந்து, பின்னாளில் அந்தப் பிள்ளையின் கையில் தேச விடுதலைக்கும் பயன்பட்டது. படிக்காத சனமும் பாடும் மெட்டில் நல்ல தமிழைக் கொடுக்கலாம் என்பதை அதற்கு முன்பே ரெட்டியார் செய்து காட்டியிருந்தார்.

பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் அவர் சிந்து இடம்பெற்றிருக்கிறது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதை மனப்பாடச் செய்யுளாக ஒப்பிக்க வைக்காதீர்கள். பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, மெட்டோடு பாடவிடுங்கள். நடக்கிற கால்களுக்காக எழுதிய பாட்டு அது.