கூடுதலும் குறைவும் கழிந்தால் கணக்குச் சரியாகுமா?

மார்ச் மாதம் வந்தால் நம் வணிக அன்பர்கள் எல்லோரும் இருப்பு எடுப்போம். புத்தகப்படி இருக்க வேண்டியது இவ்வளவு, கிடங்கில் எடை போட்டால் இருப்பது இவ்வளவு என்று எழுதி, கூடுதலுக்குக் கூட்டல் குறியும் குறைவுக்குக் கழித்தல் குறியும் இட்டு, அடியில் மொத்தம் கட்டுவது வழக்கம். மொத்தம் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டால் மனம் நிம்மதி அடைகிறது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தோம்.

தேன்கனிக்கோட்டையில் நம் மண்டியில் சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த இருப்பில் நான்கு சரக்குகளில் வித்தியாசம் வந்தது. கொட்டைப் புளி 40 கிலோ கூடுதல். கொட்டை எடுத்த புளி 42 கிலோ குறைவு. கேழ்வரகு 27 கிலோ கூடுதல். கொள்ளு 24 கிலோ குறைவு. குமாஸ்தா மொத்தம் கட்டி, "ஒரே ஒரு கிலோதான் கூடுதல்" என்றார். நாமும் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டோம். இரவு ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது.

நம் ஊரிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இங்கிருந்து போனாலும் அங்கிருந்து வந்தாலும் தூரம் அதேதான், திசைதான் வேறு. எண்களுக்கும் அப்படியே. 100 கிலோவுக்கும் 58 கிலோவுக்கும் இடைவெளி 42. எதிலிருந்து எதைக் கழித்தாலும், குறியை விட்டுப் பார்த்தால் 42தான். இப்படிக் குறியை நீக்கிய அளவைப் பள்ளிப் பாடத்தில் மட்டு மதிப்பு என்கிறார்கள். எண்ணின் இருபுறமும் செங்குத்தாக ஒவ்வொரு கோடு போட்டு |−42| = 42 என்று எழுதுவார்கள். அந்தக் கோடுகளை 1841-ல் பயன்படுத்தியவர் வயர்ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர். ஆனால் கூட்டல் எண்ணைச் செல்வம் என்றும் கழித்தல் எண்ணைக் கடன் என்றும் வைத்து விதி சொன்னவர் நம் நாட்டு பிரம்மகுப்தர், ஆண்டு 628. வியாபாரிக்குப் புரியும் பாஷை அது.

இனி நம் நான்கு சரக்குக்கும் குறியை நீக்கிக் கூட்டிப் பாருங்கள்: 40, 42, 27, 24. மொத்தம் 133 கிலோ. ஒரு கிலோ என்று நினைத்த தவறு உண்மையில் 133 கிலோ!

காரணம் தேடினோம். கொட்டை எடுத்த புளியை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, பில்லில் கொட்டைப் புளி என்று எழுதியிருக்கிறது. அன்று இரண்டுக்கும் கிலோவுக்கு 55 ரூபாய் வித்தியாசம். 40 கிலோவுக்கு 2,200 ரூபாய் போயிற்று. மீதி 2 கிலோ உலர்வு.

கேழ்வரகு விஷயம் இன்னும் சங்கடமானது. கூடுதல்தானே, லாபம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். அஞ்செட்டிப் பக்கத்து விவசாயிகள் பிளாஸ்டிக் சாக்கில் கொண்டுவந்த 30 மூட்டைக்கு, சணல் சாக்கு என்று எண்ணி மூட்டைக்கு ஒரு கிலோ கழித்திருக்கிறோம். அந்தச் சாக்கோ 100 கிராம்தான். மூட்டைக்கு 900 கிராம் வீதம் 27 கிலோ விவசாயியின் தானியம் நம் கிடங்கில். வரவுச் சீட்டைப் பார்த்து அவரவர் பணத்தைக் கொடுத்தோம். கொள்ளுக் குறைவுக்கு மட்டும் காரணம் அகப்படவில்லை. எலி பேரில் எழுதினோம்.

பொட்டலம் கட்டி விற்பவர்களுக்கு இது சட்டமாகவே இருக்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ம் ஆண்டு எடையளவு விதிகளில் 1 கிலோ பொட்டலத்துக்கு அனுமதித்த பிழை 15 கிராம். ஆய்வுக்கு எடுத்த பொட்டலங்களின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. அது மட்டும் போதாது. அனுமதித்த பிழையைப் போல இரு மடங்குக்கு மேல் எந்தப் பொட்டலமும் குறையக் கூடாது. கணக்குப் புரிவதற்காக ஐந்து பொட்டலம் வைத்துக்கொள்வோம்: 30 கிராம் கூடுதல், 35 குறைவு, 10 கூடுதல், 5 குறைவு, ஒன்று சரி. சராசரி சரியாக ஒரு கிலோ. ஆனாலும் அந்த 35 கிராம் ஒன்றே நம்மை மாட்டிவிடும். அதை வாங்கிப் போன அம்மாளுக்கு மற்ற பொட்டலத்தில் கூடுதலாக இருந்து என்ன பயன்?

அதற்காகக் குறியை மறந்துவிடவும் கூடாது. 133 என்று மட்டும் பார்த்தால், எது போயிற்று, எது வந்தது என்று தெரியாது. புளிக் குழப்பத்தைக் காட்டிக் கொடுத்ததே 40-ம் 42-ம் எதிரெதிர்க் குறியோடு அருகருகே நின்றதுதான்.

அதனால் இப்போது நம் இருப்புப் புத்தகத்தில் வித்தியாசத்துக்கு இரண்டு பத்தி போடுகிறோம். ஒன்று குறியோடு, மற்றது குறியில்லாமல். சென்ற முறை முதல் பத்தியின் மொத்தம் 5 கிலோ குறைவு, இரண்டாவதில் 31 கிலோ. அதில் 12 கிலோ மறுபடியும் கொள்ளு. இந்த முறை எலி பேரில் எழுதவில்லை. தராசைச் சோதிக்க ஆள் சொல்லியிருக்கிறோம்.