இறைச்சிக்கா, சவாரிக்கா? – பழைய ஜீப்பை விற்கும் முன்

சென்ற மழைக்காலத்தில் கீழ்ப்பழனி மலையில் ஒரு காபித் தோட்ட வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுப் பெரியவர் வஃபாத்தாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பேசி முடித்து எழும்போது மூத்த மகன் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். தார்ப்பாயை விலக்கினால் உள்ளே ஒரு பழைய ஜீப். டயர்கள் மண்ணில் புதைந்திருந்தன. சீட்டில் எலி கூடு கட்டியிருந்தது.

“ஹஜ்ரத், அத்தா ஓட்டின வண்டி. பத்து வருஷமா நிக்குது. கோவையிலிருந்து ஒருத்தர் கேக்குறார். பழையபடி புதுப்பிச்சு வச்சுக்குவாராம். லேசா பட்டி பாத்து பெயின்ட் அடிச்சா விலை கூடும்னு புரோக்கர் சொல்றார். அடிக்கலாமா?”

இதே கேள்வி இப்போது பல ஊர்களிலிருந்து வருகிறது. ஜீப் மட்டுமல்ல, அம்பாசிடர், பத்மினி, கான்டெஸா, புல்லட் என்று வீட்டுக் கொட்டகைகளில் துருப்பிடித்து நிற்கும் வண்டிகளைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். காயலான் கடையில் எடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிக்கு நல்ல விலை கிடைக்கிறது. விலை கூடும்போது சோதனையும் கூடுகிறது. ஆகவே அந்தக் கொட்டகையில் சொன்னதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மலைக்கு வந்த ஜீப்

இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. போருக்குப் பின் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கிய நிறுவனம் 1945-ல் ‘மஹிந்திரா அண்ட் முஹம்மத்’ என்ற பெயரில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. பங்குதாரரான குலாம் முஹம்மத் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட்டார். 1948-ல் பெயர் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆயிற்று. அதன் பின் பல பத்தாண்டுகள் நம் நாட்டிலேயே ஜீப் தயாரானது.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி என்பதால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கமெல்லாம் ஜீப்புக்குத் தனி இடம் உண்டு. காபி மூட்டை, மலைவாழைத் தார், நோயாளி, கல்யாணக் கூட்டம் எல்லாம் அதில்தான் இறங்கின. அந்த உழைப்பின் தழும்புகள் வண்டியில் இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு திரும்பித் திரும்பி, ஸ்டீயரிங் பாக்ஸ் பூட்டிய இடத்திலும் பட்டைகள் சேரும் இடத்திலும் சேஸிஸில் விரிசல் விடும். கொடைக்கானல் மழையும் பனிமூட்டமும் தரைத் தகட்டையும் பாடிக்கு அடியில் உள்ள சட்டங்களையும் உள்ளிருந்தே அரிக்கும்.

வாங்குபவர் எதற்காக வாங்குகிறார்?

புதுப்பிக்க வாங்குபவர் வண்டி ஓடுகிறதா என்பதைக் கடைசியில்தான் பார்ப்பார். அவர் முதலில் பார்ப்பது அசல் எவ்வளவு மிச்சம் என்பதை: சேஸிஸ் எண், எஞ்சின் எண், கியர் பாக்ஸ், பானெட், கிரில். எல்லாம் ஆதியில் வந்தவையா, பின்னால் மாற்றியவையா?

நம் பகுதி ஜீப்புகளில் இங்கேதான் சிக்கல். பெட்ரோல் செலவு தாங்காமல் எத்தனையோ பேர் பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். அது தவறான எண்ணத்தில் செய்ததல்ல, பிழைப்புக்காகச் செய்தது. ஆனால் அந்த மாற்றம் ஆர்சி புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பது பெரிய கேள்வி.

இன்னொன்று, மஹிந்திரா ஜீப்புக்குத் தாழ்ந்த பானெட்டும் ஒன்பது துளைக் கிரில்லும் பொருத்தி ‘மிலிட்டரி வில்லிஸ்’ என்று சொல்லி விற்பது. விவரம் தெரிந்தவர் படுத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். போர்க்கால வில்லிஸின் சேஸிஸில் முன் குறுக்குச் சட்டம் உருளைக் குழாயாக இருக்கும். ஃபோர்டு செய்ததில் மடித்த தகடாக இருக்கும். விவரம் தெரியாதவர் ஏமாறுவார். ஏமாறுபவர் எப்போதும் ஆசையோடு சேமித்துக்கொண்டு வரும் இளைஞராகவே இருக்கிறார்.

கட்டிவைத்த மடி

ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, மடி கனத்துத் தெரியும்படி செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அளித்தார்கள். அதில் விற்பவர் வாயால் ஒரு பொய்யும் சொல்வதில்லை. மடிதான் அவருக்காகப் பொய் சொல்கிறது.

துருவின் மேல் பட்டி பூசி அடிக்கும் பெயின்டும் அப்படியே. ஆகவே அந்த மகனிடம், “அடிக்க வேண்டாம்” என்றேன். மார்க்கத்தை விட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் அது நஷ்டமே. பெயின்ட் அடிக்காத வண்டியில் தகட்டின் நிலை கண்ணுக்குத் தெரியும். புதுப் பெயின்டைப் பார்த்தால் அனுபவசாலி சந்தேகப்படுவார், அதைச் சுரண்ட ஆகும் கூலியையும் விலையில் கழிப்பார். நீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள், போதும்.

எஞ்சினையும் வீம்புக்கு ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டாம். பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ஒட்டியிருக்கும். பேட்டரி மாட்டி இழுத்தால் இருப்பதும் உடையும். மெக்கானிக் எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கையால் சுற்றிப் பார்க்கட்டும். சுற்றவில்லை என்றால் ‘எஞ்சின் ஜாம்’ என்று சொல்லியே விற்கலாம்.

வாஸிலா (ரலி) ஓடிப்போய்க் கேட்ட கேள்வி

ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் முதலில் கவனிக்கவில்லை. வாங்கியவர் ஒட்டகத்தோடு புறப்பட்ட பிறகு பின்னால் ஓடிப்போய், இதை இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காகவா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். அதன் குளம்படியில் ஓட்டை இருப்பதைப் பார்த்தேன், தொடர்ந்து நடக்காது என்றார்கள் வாஸிலா (ரலி). அவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் வருந்தியபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி கொடுத்திருக்கிறோம் என்று பதில் சொன்னார்கள்.

இந்தச் சம்பவத்தில் இரண்டு பாடங்கள். ஒன்று, குறை என்பது வாங்குபவரின் நோக்கத்தைப் பொறுத்தது. இறைச்சிக்கு வாங்கியிருந்தால் குளம்பில் ஓட்டை ஒரு குறையே அல்ல. உதிரி பாகத்துக்கு வாங்குபவருக்குச் சேஸிஸ் விரிசல் பெரிதில்லை. குடும்பத்தோடு மலையேறப் புதுப்பிக்கிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே “எதுக்குப்பா வாங்குறீங்க?” என்று விற்பவரே கேட்க வேண்டும். இரண்டு, வாஸிலா (ரலி) அங்கே விற்பவரும் அல்ல, வாங்குபவரும் அல்ல. தெரிந்தவர், அவ்வளவுதான். புரோக்கரும் மெக்கானிக்கும் ‘எனக்கென்ன’ என்று ஒதுங்க முடியாது.

‘உள்ளது உள்ளபடி’ என்றால் போதுமா?

“பார்த்துக்கொள்ளுங்கள், இருக்கிற நிலையில் விற்கிறேன், பிறகு எதற்கும் நான் பொறுப்பில்லை” என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா? வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொதுவான போக்கு. அதற்கும் விலக்குகள் உண்டு.

ஃபிக்ஹில் இதற்கு விரிவான பேச்சு இருக்கிறது. திண்டுக்கல், பழனிப் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், எல்லாக் குறைகளிலிருந்தும் பொறுப்பு நீங்குவதாக நிபந்தனையிட்டு விற்றால் அது செல்லும். வாங்கியவர் திருப்பித் தர முடியாது. கடற்கரை ஊர்களில் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, கால்நடையில் விற்பவருக்கே தெரியாத உட்குறைக்கு மட்டும் அந்த நிபந்தனை உதவும். மற்ற பொருட்களில் உதவாது. ஆனால் தெரிந்த குறையை மறைப்பது ஆகும் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. திருப்பித் தர முடியாது என்பது வழக்கின் தீர்ப்பு. மறைத்த பாவம் வேறு கணக்கு.

புதுப்பிக்கும் வண்டியில் இன்னொரு நுட்பம் உண்டு. வாங்கியவர் முதல் வேலையாக வண்டியைக் கழற்றிப் போடுவார். குறை அப்போதுதான் தெரியும். கழற்றிய வண்டியை எப்படித் திருப்பித் தருவது? அதனால் சண்டை வரும், விலையைக் குறை என்ற பேச்சு வரும், உறவு முறியும். முன்பே சொல்லி, அவரும் தெரிந்தே ஏற்றுக்கொண்ட குறைக்குப் பின்னால் வழக்கில்லை. உண்மை பேசித் தெளிவுபடுத்தும் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற நபிமொழியை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரு தாளில் எழுதுங்கள்

கீழ்க்கண்டவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.

1. சேஸிஸ் எண், எஞ்சின் எண் வண்டியில் உள்ளபடியும், ஆர்சியில் உள்ளபடியும். ஒத்துப்போகாவிட்டால் அதையும்.
2. மாற்றிய பாகங்கள்: எஞ்சின், கியர் பாக்ஸ், அச்சு, பாடி.
3. தெரிந்த துரு, விரிசல், வெல்டிங், விபத்து.
4. கடைசியாக எந்த ஆண்டு ஓடியது, எஞ்சின் சுற்றுகிறதா.
5. இல்லாத பாகங்கள்.
6. வரி, காப்பீடு, பதிவு எதுவரை இருந்தது.
7. வாங்குபவர் சொன்ன நோக்கம்.

தெரியாததைத் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். அது நேர்மையான பதில்.

ஆர்சி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

“ஓடாத வண்டிதானே, பெயர் மாற்றம் எதற்கு?” என்பார்கள். பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இதற்கானவை. உரிமையாளர் இறந்திருந்தால் 30 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். அதைத் தவறவிட்டவர்கள் விற்பதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுச் சரிசெய்யுங்கள். உதிரிக்காக உடைப்பதென்றால் பதிவை ரத்து செய்துவிடுங்கள். ஆர்சியைத் தனியாக யாரிடமும் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டிக்கு அது போர்வையாகும்.

50 ஆண்டைத் தாண்டிய, வாடகைக்கு ஓடாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு ‘விண்டேஜ்’ பதிவைக் கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். முக்கியமாக, சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்பட்டிருக்கக் கூடாது. எஞ்சின் மாற்றியதை மறைத்தால் வாங்கியவரின் திட்டமே வீணாகும் என்பது இப்போது புரியும்.

பணம் யாருடையது?

அத்தாவின் வண்டி மூத்த மகனின் வண்டி அல்ல. கடனும் வஸிய்யத்தும் போக மிஞ்சுவதில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு. கட்டிக்கொடுத்த மகளிடம் கேட்காமல் விற்பதும் ஒரு மறைப்பே.

அந்தக் குடும்பம் பெயின்ட் அடிக்கவில்லை. ஆர்சியில் பெட்ரோல், வண்டியில் டீசல் என்று தாளில் முதல் வரியாக எழுதினார்கள். கோவைக்காரர் படித்துவிட்டுப் போய்விட்டார். மூத்தவர் என் மேல் சற்று வருத்தமாகத்தான் இருந்தார். இரண்டு மாதம் கழித்துத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். அவருக்கு டீசல் எஞ்சின்தான் வேண்டியிருந்தது. முன்பு பேசியதைவிடக் குறைந்த விலை. பெயர் மாற்றம் முடிந்த பிறகே வண்டி லாரியில் ஏறியது. உம்மாவின் பங்கையும் தங்கைகளின் பங்கையும் முதலில் எண்ணி வைத்ததாக மூத்தவர் போனில் சொன்னார்.

குறைந்த விலையிலும் நிறைந்த பரக்கத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.